நிற்கச் சொன்னது யார்?

2019 அக்டோபர் 12ஆம் தேதி காலை, இந்தியப் பிரதமர் மாமல்லபுரம் கடற்கரையில் அரைமணி நேரம் குப்பை பொறுக்கினார். சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் அவர் சுற்றிக் காட்டியது அதற்கு முந்தின நாள். அவர் குனிந்ததை, எடுத்ததை, பையில் போட்டதை நாடே பார்த்தது. கையில் ஏதோ வைத்திருந்தாரே, அது என்ன என்று பலரும் கேட்டார்கள். அது அக்குபிரஷர் உருளை, அடிக்கடி பயன்படுத்துவது வழக்கம் என்று அடுத்த நாள் அவரே விளக்கம் தந்தார்.

அதே கரையில் விடிவதற்கு முன்பே குனிந்து கூட்டத் தொடங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. இரவில் இடுப்பில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் பெயரையும் யாரும் கேட்டதில்லை. ஒரு ஆண் அரைமணி நேரம் குனிந்தால் அது செய்தி. ஒரு பெண் முப்பது வருஷம் குனிந்தால் அது அவள் சுபாவம்.

இந்தக் கட்டுரை முதுகுவலியைப் பற்றியது. வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று இதில் இருக்காது. அந்த அறிவுரை நம் எல்லோருக்கும் போதுமான அளவு கிடைத்துவிட்டது.

*

செங்கல்பட்டில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம், எல்லாக் கடையும் அந்தக் கடைதான். ரவிக்கைத் துணி எடுக்கப் போயிருந்தேன். எனக்கு நான்காம் ஐந்தாம் முதுகெலும்புக்கு நடுவில் வட்டு பிதுங்கி ஆறு வருஷம் ஆகிறது. கல்லூரியில் மூன்று வகுப்பு தொடர்ந்து நின்று எடுத்தால் இடது கால் மரத்துப் போகும். அன்றும் அப்படித்தான் இருந்தது. நான் கேட்காமலேயே அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா."

உட்கார்ந்தேன். அவளுக்கு இருபது வயது இருக்கும். ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றாள். என் மாணவிகளின் வயதுதான்.

"நீ உக்கார மாட்டியாம்மா?"

"உக்காந்தா கேமராவுல தெரியும்க்கா."

"சட்டம் இருக்கே?"

அவள் சிரித்தாள். கிண்டலாகச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியவர்கள் தெரியாமல் ஏதோ சொல்லும்போது மரியாதைக்காகச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அதற்குப் பிறகு அந்த ஸ்டூலில் எனக்கு உட்கார முடியவில்லை. இருந்தும் உட்கார்ந்திருந்தேன், வலித்தது.

சட்டம் இருக்கத்தான் செய்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று புதுப் பிரிவைச் சேர்க்கும் திருத்தம் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் பணிநேரம் முழுவதும் நிற்க வைக்கப்படுகிறார்கள், அதனால் பலவித உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று அரசே ஒப்புக்கொண்டு கொண்டுவந்த திருத்தம் அது. கேரளம் மூன்று வருஷம் முன்னதாக, 2018இல், இதைச் செய்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் இருந்தார்கள். விஜியும் அவர் தோழிகளும் தொடங்கிய 'பெண்கூட்டு' முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது நாற்காலி. ஒன்றைக் கேட்ட பிறகுதான் அடுத்ததைக் கேட்க வாய் வரும்.

நமக்கு அந்தத் தெருப்போராட்டம் இல்லாமலேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில்தான் பயம். போராடி வாங்கிய சட்டத்தைக் காவல் காக்க ஆள் இருக்கும். மேலிருந்து இறங்கிய சட்டத்துக்கு யார் காவல்? 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்தபோது தமிழ்நாடே அழுதது. அழுதுவிட்டு அதே தெருவில் தீபாவளித் துணி எடுத்தது.

சட்டத்தின் வாசகத்தையும் பாருங்கள். எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவில் உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்வதற்காக என்கிறது. அந்த வாய்ப்பு எப்போது வந்தது என்று முடிவு செய்வது யார்? சூப்பர்வைசர். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் துணி மடிக்கச் சொன்னால் வாய்ப்பு போயிற்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவிலும் ஏறக்குறைய இதே வாசகம்தான் இருந்தது. நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று சுதந்திரம் வந்த மறுவருஷமே எழுதி வைத்துவிட்டார்கள். தொழிற்சாலைக்கு எழுதியதைக் கடைக்கு எழுத எழுபத்து மூன்று வருஷம். இனி கடையில் ஸ்டூல் வர எத்தனை வருஷம்?

*

இதை நான் செங்கல்பட்டில் இருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு இதே ஊரில்தான் நடந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், துணையைத் தேர்ந்துகொள்ளவும் விலகவும் உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1989இல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் அறுபது வருஷம். அந்த அறுபது வருஷத்தையும் தாங்கியது பெண்களின் பொறுமை. நம்மைப் பூமாதேவி என்று புகழ்வது இதற்காகத்தான்.

சுயமரியாதையின் பேரால் ஆண்ட ஆட்சி 2023 ஏப்ரல் 21 அன்று என்ன செய்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆலைகளில் ஒரு நாள் வேலைநேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் எழுந்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். திரும்பப் பெற்றதற்கு நன்றி. ஆனால் உட்காரும் உரிமைக்குச் சட்டம் எழுதிய கையே இரண்டு வருஷத்தில் பன்னிரண்டு மணிநேரத்துக்கும் எழுதியது. எழுதும்போது எந்தப் பெண்ணின் இடுப்பு அந்தக் கைக்கு நினைவில் இருந்தது? மறைமலைநகரில், மகேந்திரா சிட்டியில், ஒரகடத்தில் ஷிப்டு பஸ்ஸில் ஏறுகிற பெண்ணுக்குப் பன்னிரண்டு மணிநேரம் என்றால் வீட்டு வாசலில் இருந்து வீட்டு வாசலுக்குப் பதினைந்து மணிநேரம். அதற்கு முன்னும் பின்னும் அடுப்பு.

இதைப் பேசினால் நம் நண்பர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "இவங்களை அடிச்சா அவங்களுக்கு லாபம்." வகுப்புவாதம் வாசலில் நிற்கும்போது ஸ்டூலைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கிறார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை, எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் இந்த வாதத்தை நான் மாணவியாக இருந்த காலத்தில் இருந்து கேட்டுவருகிறேன். அப்போதும் நேரம் சரியில்லை. இப்போதும் சரியில்லை. பெண்ணின் உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு நல்ல நேரம் என்று ஒன்றை எந்த இயக்கமும் இதுவரை குறித்துத் தந்ததில்லை. பெரிய எதிரியைக் காட்டிச் சின்ன வலியை அடக்கச் சொல்வது மாமியார்கள் செய்கிற வேலை. அதைத் தோழர்கள் செய்யும்போது அரசியல் என்று பெயர் வைக்கிறோம்.

*

இலவசம், இலவசம் என்று எரிச்சல்படும் கூட்டத்தில் நான் இல்லை. 2021 மே மாதம் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தேன். நடந்தே போனவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்க்கு 'உரிமைத் தொகை' என்று பேர் வைத்ததும் சரியானதே. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அது சொந்தக் கணக்கில் சொந்தப் பணம்.

என் சண்டை வேறு. கேட்டது ஒன்று, கொடுப்பது ஒன்று என்று ஆகும்போது, கொடுத்ததைக் காட்டிக் கேட்டதை மறக்கச் சொல்வார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். வாழ்நாள் முழுக்கக் குனிந்து கூட்டியவர்கள் தொடர்ந்து உட்கார்ந்தது அந்தப் பதின்மூன்று நாள்தான். அவர்கள் கேட்டது பணி நிரந்தரம், தனியாருக்குத் தாரைவார்க்காதே என்பது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடி இலவசக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. இட்லியை நான் குறை சொல்லவில்லை. நிரந்தர வேலை இருந்தால் அந்த இட்லியை அவளே வாங்கித் தின்பாள்.

பஸ்ஸும் எல்லாருக்கும் ஒரே பஸ் இல்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுத் திரும்பிய வயதான பெண்ணை, வாடை அடிக்கிறது என்று பேருந்தில் இருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று கத்திய காட்சி எல்லா வீட்டுக்கும் போனது. முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் ஆனார்கள். நம் கடற்கரையில், கோவளத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும், தலையில் அன்னக்கூடையோடு தெருத்தெருவாக நடக்கும் பெண்களுக்கு அந்தக் காட்சி புதிதில்லை. வண்டி ஏற்றாத சுமையைக் கழுத்தும் இடுப்பும் ஏற்றுக்கொள்கின்றன. டிக்கெட் இலவசம்தான், இடம் கிடைப்பதில்லை.

*

இந்த வலியோடு மருத்துவரிடம் போனால் என்ன ஆகும்? மூன்று வாக்கியம் கிடைக்கும். எடையைக் குறைங்க. கனம் தூக்காதீங்க. ரெஸ்ட் எடுங்க. ஒரு பெல்ட்டும் எழுதித் தருவார்கள். நிரப்பிய கேஸ் சிலிண்டர் முப்பது கிலோவுக்குச் சற்று முன்பின். பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பதினைந்து லிட்டர். கனம் தூக்காதீங்க என்பது யாருக்கான அறிவுரை?

2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மனிதர்களை முடக்கிப் போடும் காரணங்களில் உலகில் முதலிடம் இதற்குத்தான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு முதல்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. இடுப்புப் பட்டையும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது அது. உடற்பயிற்சி வேண்டும், வலியைப் பற்றி நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. புரியும்படி சொல்ல நேரம் வேண்டும். நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளிகள் பிரிவில் நேரத்தைவிடப் பெல்ட் மலிவு.

பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பெரிய பையன் பொறந்தப்போ முதுகுல ஊசி போட்டாங்க, அதிலேருந்துதான்." தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 அறுவைசிகிச்சை. அந்த ஊசி வருஷக்கணக்கில் நீளும் முதுகுவலிக்குக் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அவள் பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் முதுகை யாராவது தொட்டுப் பார்த்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் குடம் தூக்கியது, குனிந்து நாற்று நட்டது, நின்றே துணி மடித்தது, இவையெல்லாம் அவள் கணக்கில் 'நடந்தவை' இல்லை. வேலை ஒரு நிகழ்ச்சியாகவே அவளுக்குத் தோன்றாதபடி வளர்த்திருக்கிறோம்.

அரசின் கணக்கிலும் அப்படித்தான். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் கல்தூசியைச் சுவாசிக்கிறவருக்கு வரும் சிலிக்கோசிஸ், சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இழப்பீடு கிடைக்கிறதா என்பது வேறு கதை, பெயராவது இருக்கிறது. ஈய நஞ்சு இருக்கிறது, இரைச்சலால் வரும் காதுகேளாமை இருக்கிறது. நின்று நின்று, குனிந்து குனிந்து ஒடியும் இடுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் அது வேலையால் வந்ததில்லை. வேலையால் வராததால் அது உன் உடம்பின் குற்றம், உன் எடை, உன் வயது, உன் விதி.

*

உட்காருவது என்பது இந்த நாட்டில் எப்போதுமே உடம்பு சம்பந்தப்பட்டதாக மட்டும் இருந்ததில்லை. யார் திண்ணையில், யார் தரையில், யார் நின்றபடி என்பது சாதியின் இலக்கணம். 2020இல் சிதம்பரம் பக்கத்தில் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலைவரை, தலித் பெண்ணை, கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த புகைப்படம் வெளியானது. மற்றவர்களுக்கு நாற்காலி. அவர் தேர்தலில் ஜெயித்தவர். சட்டம் அவருக்குப் பதவி தந்தது, ஊர் நாற்காலி தரவில்லை. கடைப்பெண்ணின் ஸ்டூலையும் அந்த நாற்காலியையும் மறுக்கும் மனசு ஒன்றுதான்: கீழே இருக்கிறவள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று மேலே இருக்கிறவன் சொல்வான்.

ஆகவே நான் கேட்பது நாற்காலியை மட்டும் இல்லை. நாள் முழுக்க நின்றாலும் கேடு, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கேடு. கணினி முன்னால் பத்து மணிநேரம் உட்காரும் தோழிகளுக்கு அது தெரியும். உடம்பு கேட்பது மாற்றம். வலிக்கும்போது உட்காரவும், மரக்கும்போது எழுந்து நடக்கவும், முட்டினால் கழிப்பறைக்குப் போகவும் யாரிடமும் அனுமதி வாங்காமல் இருப்பது. என் உடம்பு எந்த நிலையில் இருக்கும் என்று நான் முடிவு செய்வது. கருப்பை என்னுடையது என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். முதுகெலும்பையும் சேர்த்துக்கொள்வோம்.

இவ்வளவும் எழுதிய பிறகு என் வீட்டைப் பற்றியும் எழுத வேண்டும். தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். எனக்கு முதுகு போனபோது என் 299 நிமிடம் என் கணவரின் 97உடன் சேரவில்லை. இன்னொரு பெண்ணிடம் போனது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்கிறேன், அவர் என்னை மேடம் என்கிறார். குனிந்து துடைக்க எனக்கு முடியாது என்பதால் அவர் குனிந்து துடைத்தார். நீளக் கம்பு வைத்த மாப் வாங்கிக் கொடுக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நான் பெண்ணுடல் பற்றி இரண்டு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். காபி கொடுத்தால் அவர் அடுக்களை வாசற்படியில் தரையில் உட்கார்ந்து குடிப்பார். மேசையைச் சுற்றி நாலு நாற்காலி. "இங்க உக்காருங்கக்கா" என்று சொன்ன முதல் நாள் அவர் உட்காரவில்லை, கூசினார். என் குரலிலும் கூச்சம் இருந்தது. சாதியை எதிர்த்துக் கவிதை எழுதுகிற என் குரலில்.

வீட்டுத் தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. தில்லியைத் திட்டுவது எனக்குச் சுலபம். என் வீட்டு நாற்காலிக்குத் தில்லியின் கையெழுத்து தேவைப்படவில்லையே.

*

மாணவிகளை அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் போகும்போதெல்லாம் அர்ச்சுனன் தபசு முன்னால் நிற்போம். ஒற்றைக்காலில் நிற்கும் தவசி, எதிரே வரம் தரும் சிவன். விலா எலும்பு தெரிய நிற்பதை அழகாகச் செதுக்கியிருக்கிறான் சிற்பி. கீழே ஒரு பூனையும் அதே மாதிரி முன்னங்கால் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். போன முறை ஒரு மாணவி கேட்டாள்: "மேம், எங்கம்மா இருபது வருஷமா நிக்கிறாங்க. அவங்களுக்கு யார் வரம் குடுப்பா?" அவள் அம்மா ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். யாரும் தர மாட்டார்கள். தவத்துக்கு வரம் கிடைக்கும் என்று நம்ப வைத்ததே பூனைகளின் வேலை. குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள் என்று நம் பழமொழி குனிகிறவரையே சேர்த்துத் திட்டுகிறது. குனிய வைத்தவர் கையில் சம்பளமும் கேமராவும் இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை. தனியாக ஒருத்தி நிமிர்ந்தால் அவள் வேலை போகும். அதனால் அவளை நிமிரச் சொல்லும் முன் நாம் செய்ய வேண்டியது இருக்கிறது.

அடுத்த முறை துணிக்கடையில், நகைக்கடையில் உங்களுக்கு ஸ்டூல் போட்டால், உட்காரும் முன் சூப்பர்வைசருக்குக் கேட்கும்படி கேளுங்கள்: இவங்க ஸ்டூல் எங்கே? அந்தப் பெண்ணிடம் கேட்காதீர்கள், மாட்டிக்கொள்வாள். கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். ஒருத்தி கேட்டால் கிறுக்கு என்பார்கள். ஒரு வகுப்பே கேட்டால் வியாபாரம். 22-அ பிரிவைக் குறிப்பிட்டுத் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள், எத்தனை கடையில் ஆய்வு செய்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம், தொழில்நோய்ப் பட்டியலில் எங்கள் இடுப்பு ஏன் இல்லை என்று கேளுங்கள். நம் இயக்கக் கூட்டங்களில் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் பெண்ணுக்கு முன்வரிசைத் தோழர் எழுந்து இடம் தருகிறாரா என்று பாருங்கள். வீட்டுக்குப் போய், நம் வீட்டில் வேலை செய்கிறவர் எங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறார் என்றும் பாருங்கள்.

செங்கல்பட்டு மாநாட்டுக்கு 2029 பிப்ரவரியில் நூறு வயது. மேடை போடுவார்கள், வரிசை வரிசையாக நாற்காலி போடுவார்கள். அன்றைக்கு அந்த ஜவுளிக்கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று நான் போய்ப் பார்ப்பேன். என்னோடு வாருங்கள்.